தாடியும் சீமைத் தக்காளியும்

அரிசி கிடைக்காத வருஷத்தில் திண்டிவனத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லோரும் தக்காளி பயிரிட வேண்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. கேப்பை வாங்கவும் வரிசையில் நின்றார்கள். உணவை அதிகம் விளைவிக்கச் சொல்லி சர்க்கார் சுவர்களில் எழுதிப் போட்டது. எதை விளைவிப்பது என்பதை அந்தந்த அதிகாரியின் அறிவுக்கு விட்டிருந்தது. திண்டிவனத்தில் இருந்த அதிகாரி சீனுவாசனுக்கு எங்கிருந்தோ ஓர் இங்கிலீஷ் தோட்டப் புத்தகம் கிடைத்திருந்தது. அதில் அரிசி இல்லை. தக்காளி இருந்தது.

எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை. அதன் தலை திண்டிவனத்தில் இருந்தது, வால் விழுப்புரத்தில் இருந்தது. வால் என்பது சில குமாஸ்தாக்கள்.

கார்த்திகை மாதம் சீனுவாசன் அவர்களை ரயிலில் திண்டிவனத்துக்கு வரவழைத்தார். தன் பங்களாத் தோட்டத்தில் நிற்க வைத்துப் பேசினார். முகம் மழமழவென்று சவரம் செய்யப்பட்டிருந்தது. செடிக்கு ஒரே தண்டுதான் இருக்க வேண்டும் என்றார். இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் புதுக் கிளை முளைக்கும். அது திருட்டுக் கிளை. பழத்துக்குப் போக வேண்டியதைத் தான் தின்று கொழுக்கும். வாரம் ஒருமுறை அதை வெட்டி எறிய வேண்டும்.

"நம்ம ஜனங்களுக்குக் கத்தி எடுக்கப் பயம்" என்றார். "பூத்த செடியைத் தொடாதே, வெள்ளிக்கிழமை வெட்டாதேன்னு ஆயிரம் சாஸ்திரம். மூடநம்பிக்கைதான் தக்காளிக்கு முதல் பூச்சி."

குமாஸ்தாக்கள் கைதட்டினார்கள். பூச்சியை ஒழிப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆளுக்கு ஆறு நாற்று, ஈர வைக்கோலில் சுற்றிக் கிடைத்தது.

கடைசியில் இன்னொன்றும் சொன்னார். கள்ளக்குறிச்சியில் ஓர் இடம் காலியாக இருந்தது. விழுப்புரத்திலிருந்து ஒருவர் போக வேண்டும். தேவநாதன், மாசிலாமணி, இந்த இருவரில் யார் என்பதை மாசி மாதம் அவர்கள் தோட்டத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார். நல்ல தோட்டக்காரன் விழுப்புரத்தில் இருப்பான். மற்றவன் மூட்டை கட்டுவான். ஒரு குமாஸ்தாவை எங்கே வைப்பது என்று தக்காளியைக் கேட்பது புது முறை. பழைய முறையும் இதைவிட மேல் என்று யாரும் சொல்ல முடியாது.

மாசிலாமணி கள்ளக்குறிச்சி போக விரும்பவில்லை. அங்கே தன் அருமை தெரிந்தவர் யாரும் இல்லை என்பது அவன் குறை. தேவநாதன் விஷயம் வேறு. அவன் மனைவி வீரம்மாளுக்கு அப்போது ஐந்து மாசம். அது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவன் ஆபீஸ் வேலையாக வெளியூரில் முகாமில் இருந்தான். செய்தி மூன்று நாள் கழித்து வந்தது. தபால்காரர் அதை யாருடைய கல்யாணப் பத்திரிகையோடோ சேர்த்துக் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சிக்குக் கரிவாயுவில் ஓடும் பஸ் ஒன்று இருந்தது. ஓடும் என்பது அதன் முதலாளி சொன்னது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். அங்கே போனால் பிரசவத்துக்கு வந்து சேர முடியாது. பேர் வைக்கிறதற்கு வரலாம், குழந்தை இருந்தால்.

ஆகவே தேவநாதன் நல்ல தக்காளி வளர்க்க முடிவு செய்தான்.

இருவர் வீடுகளும் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரே வரிசையில் இருந்தன. நடுவில் ஓலை வேலி. தேவநாதன் கிணற்றடியில் நாற்றை நட்டான். சாம்பல் போட்டான், எரு போட்டான், இரண்டு வேளை தண்ணீர் விட்டான். செடிகள் பிடித்துக்கொண்டன. முழங்கால் உயரம் வந்ததும் கக்கத்தில் திருட்டுக் கிளைகள் எட்டிப் பார்த்தன. ஆபீசில் பென்சில் சீவும் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு ஒரு காலையில் கொல்லைக்குப் போனான்.

முந்தின நாள்தான் மாமியார் அஞ்சம்மாள் திருவக்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூட்டை வேர்க்கடலையோடு, அவள் பேச்சில் மல்லாட்டையோடு, வந்திருந்தாள். பிரசவம் வரை இருப்பதாக ஏற்பாடு. கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவள் கத்தியைப் பார்த்தாள்.

"அத்த கீழ போடுங்க மாப்பிள்ள" என்றாள். "புள்ளத்தாச்சி இருக்கற வூட்டுல ஆம்பள செடி வெட்டுறதா?"

விதிகள் தேவநாதனுக்குத் தெரியாதவை அல்ல. மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது, பாம்பை அடிக்கக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது. செய்தால் வயிற்றில் இருப்பதைத் தொடும். அவன் தாடி இரண்டு மாதமாக வளர்ந்துகொண்டுதான் இருந்தது. விழுப்புரத்தில் அது விசேஷமில்லை. தாடியைப் பார்த்து மாசம் சொல்லக்கூடியவர்கள் ஆபீசிலேயே இருந்தார்கள். கோப்பில் தப்புச் செய்பவர்கள் அதில் தப்புச் செய்வதில்லை.

ஆனால் தக்காளி அந்த விதியில் வரும் என்று அவன் நினைக்கவில்லை. சீமையிலிருந்து வந்த செடிக்கு நம் சாஸ்திரம் எப்படித் தெரியும் என்று கேட்டான். செடிக்குத் தெரிய வேண்டாம், வெட்டுகிறவனுக்குத் தெரிந்தால் போதும் என்று அஞ்சம்மாள் சொன்னாள். கத்தி வேண்டாம், நகத்தால் கிள்ளுகிறேன் என்றான். உயிர் போகிறதற்கு அது எதனால் போனால் என்ன என்றாள். கூலிக்கு ஆள் வைக்கிறேன் என்றான். யார் கையானாலும் கொல்லை யாருடையது என்று கேட்டாள். வீட்டுக்காரருடையது, நான் வாடகைக்கு இருக்கிறேன் என்றான். அந்த வாதம் அவனுக்கே பிடித்திருந்தது. அஞ்சம்மாள் மகளைப் பார்த்தாள்.

வீரம்மாள் அதுவரை பின்வாசல் படியில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"போன தபா வேலிக்குன்னு முருங்கைக் கிளைய வெட்டினீங்க" என்றாள். "நான் அப்ப ஒண்ணும் சொல்லல."

தேவநாதன் கத்தியை மடித்தான்.

அதன் பிறகு செடிகள் தங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்தன. ஒரு தண்டு நான்காயிற்று. நான்கு பதினாறாயிற்று. கொம்பு நட்டு வாழைநாரால் கட்டிப் பார்த்தான். செடி கொம்பைச் சாய்த்துக்கொண்டு படுத்தது. துவைக்கிற கல்லைக் காணவில்லை. கிணற்றுக்குப் போகிற வழியைக் காணவில்லை. வீரம்மாள் தண்ணீர் எடுக்கப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனாள். அவள் வயிறும் செடியும் ஒன்றாகப் பெருத்தன. தேவநாதன் இரண்டையும் பார்த்துக்கொண்டு இருந்தான். இரண்டிலும் அவன் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மாசிலாமணியின் ஆறு செடிகள் போலீஸ்காரர்கள் மாதிரி நின்றன. ஒரு தண்டு, ஒரு கொம்பு. வாரா வாரம் புதன்கிழமை அவன் கத்தியோடு வந்து கிளைகளை வெட்டி வேலி மேலாகத் தேவநாதன் பக்கம் எறிந்தான். அவை அங்கே விழுந்து வேர் விட்டன. தேவநாதனுக்கு அவற்றைப் பிடுங்கவும் உரிமை இல்லை.

"இன்னா தேவநாதா, தக்காளி போட்டியா, காடு போட்டியா?" என்று மாசிலாமணி கேட்டான். "கள்ளக்குறிச்சிக்குக் கெளம்புறப்ப ஒரு வார்த்த சொல்லு. ஸ்டாண்டு வரிக்கும் பொட்டிய நான் தூக்கிக்கினு வர்றேன்."

தைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில், பெண்கள் இருவரும் எழுந்திருக்கும் முன்பு, தேவநாதன் கொல்லைக்குப் போய் ஒரு கிளையைக் கிள்ளினான். ஒன்றே ஒன்று. விரல் நுனியில் பச்சை ஒட்டியது. கிணற்றில் கழுவினான், போகவில்லை. அன்று மத்தியானம் வீரம்மாளுக்கு இடுப்பு வலித்தது. அவள் காலையில் ஒரு படி கேப்பை அரைத்திருந்தாள். அதைக் காரணமாக நினைக்க அவனுக்குத் தோன்றவில்லை. ஆபீசிலிருந்து நாலு தடவை வந்து பார்த்தான். சாயங்காலம் வலி நின்றது. அதன் பிறகு அவன் கொல்லையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான்.

பழமும் வந்தது. கிளையெல்லாம் பூ, பூவெல்லாம் காய். நெல்லிக்காயை விடச் சற்றுப் பெரியவை. சிவந்ததை அஞ்சம்மாள் ஒன்று பிளந்து பார்த்தாள். பச்சை மாமிசம் மாதிரி இருக்கிறதென்று சொல்லி, அதை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாதென்றுவிட்டாள். உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த பழத்தை ரயில்வே காலனியில் ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டுகள் வீட்டுச் சமையல்காரர் கூடையில் அள்ளிக்கொண்டு போனார். அவர்களுக்கு ஏற்கெனவே ரொட்டி கிடைத்தது.

மாசிலாமணி வீட்டிலும் யாரும் தின்னவில்லை. அவன் பழங்கள் பெரியவை. பறிக்காமல் அதிகாரிக்காக வைத்திருந்தான். வெயில் ஏறியதும் இலை குறைந்த செடியில் பழங்கள் வெளுத்துப் பொத்தலாயின. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிக் கட்டினான்.

தை மாதக் கடைசியில் திண்டிவனத்துச் சேதி ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் சவுரிராயன், சீனுவாசனின் டவாலிப் பியூன். வாரம் ஒருமுறை ஆபீஸ் பையோடு ரயிலில் வருவார். அதிகம் பேச மாட்டார். எஜமான் சௌக்கியமா என்று மாசிலாமணி வழக்கம்போலக் கேட்டான். சௌக்கியம், தாடி வைத்திருக்கிறார் என்று சவுரிராயன் சொன்னார்.

"இன்னாத்துக்கு?"

"பிளேடு கெடைக்கலயாம்" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

வேறு யாராவது என்றால் விழுப்புரம் உடனே மாசத்தைச் சொல்லியிருக்கும். ஆனால் இவர் சாஸ்திரத்தைப் பூச்சி என்றவர். அவர் பிளேடு என்றால் பிளேடுதான். யுத்தத்தில் எது கிடைத்தது?

மறுநாளிலிருந்து மாசிலாமணி சவரம் செய்வதை நிறுத்தினான். மேலதிகாரி படும் கஷ்டத்தில் தானும் பங்கெடுப்பது ஒரு குமாஸ்தாவின் கடமை என்று நாவிதரிடம் சொன்னான். அவர் மாசிலாமணிக்கு இருபது வருஷமாக ஒரே சவரக் கத்தியால் செய்துவந்தார். அதற்கும் யுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அவர் கத்தியை மடித்துக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் எல்லோரிடமும் நல்ல சேதி சொல்லிக்கொண்டு போனார்.

மாசிலாமணியின் மனைவி பாஞ்சாலிக்கு ஐந்து குழந்தைகள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி புளியங்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி நெல்லிக்காய், ஒருத்தி பிஞ்சு மாங்காய். இந்த வயசில் என்ன கூச்சம், கடவுள் கொடுக்கிறான் என்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று பாஞ்சாலி இரண்டு நாள் சத்தியம் செய்தாள். அதைக் கூச்சம் என்று நினைத்து இன்னும் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் அவள் மறுப்பதை விட்டுவிட்டு உப்பு எடுத்து வந்தாள். மாங்காய் நன்றாக இருந்தது.

தாடியை எடுத்துத் தொலையுங்கள் என்று புருஷனிடம் சொன்னாள். மாசி முடியட்டும் என்று அவன் சொன்னான். அவன் முகத்தில் இருந்தது அவனுடைய விழுப்புரம்.

மாசி பிறந்து ஒரு வாரத்தில் சீனுவாசன் காலை ரயிலில் வந்தார். தாடி கழுத்தைத் தொடப் பார்த்தது. ஸ்டேஷனில் வரிசையாக நின்ற குமாஸ்தாக்களைப் பார்த்து, அவர்கள் கேட்காமலே, இந்த பிளேடு பேஜாராகிவிட்டது என்றார். ரொம்பப் பேஜார் என்று குமாஸ்தாக்கள் சொன்னார்கள். மாசிலாமணி தன் முகத்தைச் சற்று முன்னால் நீட்டினான். சீனுவாசன் அதைப் பார்த்தார். அவர் பார்வையில் ஒரு கனிவு வந்ததாக மாசிலாமணி பிறகு எல்லோரிடமும் சொன்னான். வந்தது உண்மைதான். எதற்காக வந்தது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் மாசிலாமணி வீடு. ஆறு செடிகளும் விறைத்து நின்றன. பாஞ்சாலி பின்வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி கத்தியை எடுத்தான். எஜமான் பார்க்க வேண்டுமென்றே இரண்டு வாரமாக விட்டுவைத்திருந்த ஒரு கிளையைப் பிடித்தான். ஒரே வெட்டு. கிளை காலடியில் விழுந்தது.

சீனுவாசன் ஓரடி பின்னால் போனார். மாசிலாமணியின் தாடியைப் பார்த்தார். பாஞ்சாலியைப் பார்த்தார். மாங்காயைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி வெட்டிட்டிருக்கே?" என்று கேட்டார்.

"நட்ட நாள்லேர்ந்து எஜமான். ஒரு வாரம் தப்பினதில்ல."

"பயமா இல்லையா உனக்கு?"

"எஜமான் சொன்னப்புறம் இன்னா பயம்?"

சீனுவாசன் இன்னும் ஓரடி பின்னால் போனார். முகம் வெளிறியிருந்தது. தன் பேச்சை ஒருவன் இந்த அளவுக்கு நம்பிவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பழத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தார். மாசிலாமணி பின்னாலேயே வந்தான். இவ்வளவு சீக்கிரம் பார்த்து முடித்தது திருப்தியின் அடையாளம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அடுத்தது தேவநாதன் வீடு. கொல்லைக் கதவைத் திறந்ததும் எல்லோரும் நின்றார்கள். உள்ளே போக இடம் இல்லை. செடி வாசல்வரை வந்து காத்திருந்தது.

யாரோ சிரித்தார்கள். சீனுவாசன் சிரிக்கவில்லை. செடியைப் பார்த்தார், தேவநாதன் தாடியைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் குமாஸ்தாக்கள் நின்றார்கள். கார்த்திகையில் பேசிய பேச்சு அவர்கள் காதில் இன்னும் இருந்தது. அதிகாரி ஒருவர் தான் பேசியதைத் தான் கேட்கவில்லை என்று சொல்ல வழி இல்லை.

ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். கத்தி மழுங்கிப்போயிற்று என்று தேவநாதன் சொன்னான். சாணை பிடிக்கிறவர்கள் இல்லையா என்றார். யுத்தம் என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பொய் வரவில்லை. சீனுவாசன் மாசிலாமணியின் கையிலிருந்த கத்தியை வாங்கினார்.

"இப்ப வெட்டு" என்று நீட்டினார். அதிகம் நீட்டவில்லை.

தேவநாதன் கத்தியை வாங்கிக்கொண்டான். முன்னால் இருந்த செடியின் கிளையை இடது கையால் பிடித்தான். பிஞ்சும் பூவுமாக இருந்தது. வெட்டினால் ஒருவேளை விழுப்புரத்தில் இருக்கலாம். இருந்து எதைப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. வெட்டாவிட்டால் கள்ளக்குறிச்சி. மறுபடியும் தபால்காரர். பென்சில் சீவும் கை அந்தரத்தில் நின்றது.

"நான் வெட்டட்டுங்களா எஜமான்?" என்றான் மாசிலாமணி.

"உன்னை யாரும் கேக்கலை."

அப்போது வீரம்மாள் சமையலறை வாசலுக்கு வந்தாள். வெளி ஆண்கள் முன்னால் அவள் வந்ததில்லை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தியையும் புருஷனையும் அவள் பார்க்கவில்லை. சீனுவாசனின் முகத்தைப் பார்த்தாள். அவள் தாடிகளோடு வாழ்ந்தவள். அவளிடம் யாரும் பிளேடு என்று சொல்லியிருக்கவில்லை.

"அய்யா வூட்டுல அம்மாவுக்கு எத்தினி மாசங்க?" என்று கேட்டாள்.

குமாஸ்தாக்கள் தரையைப் பார்த்தார்கள். சவுரிராயன் வழக்கம்போலக் கூரையைத் தேடினார். வெளியில் கூரை இல்லை.

"ஏழு" என்றார் சீனுவாசன்.

"எனக்கு எட்டு" என்றாள் வீரம்மாள். "மொதலுங்களா?"

"இல்லை. ரெண்டு தங்கலை."

"எனக்கும் ரெண்டுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலி மாங்காய் கடிக்கும் சத்தம் கேட்டது. சீனுவாசன் தேவநாதன் கையிலிருந்து கத்தியை எடுத்தார். அதைப் பிடிக்கும் விதத்தில் அவரும் கொஞ்ச நாளாகக் கத்தி பிடிக்காதவர் என்பது தெரிந்தது. மடிக்க வராமல் சவுரிராயனிடம் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு குமாஸ்தாக்கள் பக்கம் திரும்பினார்.

வெட்டாமல் விட்டால் தக்காளி என்ன கதி ஆகும் என்பதை விழுப்புரம் பார்க்க வேண்டும் என்றார். ஜனங்களுக்கு அது ஒரு பாடம். ஆகவே இந்தத் தோட்டத்தை யாரும் தொடக்கூடாது. இதன் சொந்தக்காரர் இங்கேயே இருந்து இதைக் கவனமாகப் பராமரிக்காமல் இருக்க வேண்டும்.

குமாஸ்தாக்கள் கைதட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு சவுரிராயன் மட்டும் கத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வேலிப் பக்கம் போகாமல் தேவநாதனிடமே கொடுத்தார். கொல்லையை ஒருதரம் நன்றாகப் பார்த்தார்.

"இது பரவால்ல" என்றார். "திண்டிவனத்துல எஜமான் செடிக்கு உள்ளாற பாம்பு இருக்கு. அத்த அடிக்கவும் கூடாதாம். மார்கழிலேர்ந்து நான்தான் அதுக்கு வழி விட்டுக்கினு போறேன்."

உத்தரவு அடுத்த வாரமே வந்தது. தக்காளிக் கிளைகளை வெட்டுவதில் காட்டிய அசாதாரணத் துணிவைப் பாராட்டி மாசிலாமணி கள்ளக்குறிச்சிக்கு அனுப்பப்படுகிறார். அந்தத் துணிவை அந்தப் பகுதிக் குமாஸ்தாக்களுக்கும் அவர் கற்பிப்பார். உடனே புறப்பட வேண்டும்.

மாசிலாமணி திண்டிவனத்துக்கு ஓடினான். சீனுவாசன் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் பக்கமே பார்க்கவில்லை. குடும்பத்தைக் கையோடு கூட்டிப் போ, அந்தப் பெண்ணை இனிமேலாவது ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்று சொன்னார். அப்போதுதான் மாசிலாமணிக்கு விளங்கியது. மனைவிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். பிறகு இந்தத் தாடி எதற்கு என்று கேட்பார். உங்களைப் பார்த்து வைத்தேன் என்று சொல்ல வேண்டும். என் தாடியை என்ன என்று நினைத்தாய் என்று கேட்பார். அந்த வழியில் எந்தப் பக்கம் போனாலும் கள்ளக்குறிச்சியைவிட மோசமான ஊர்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு ரயிலேறினான்.

ஸ்டாண்டு வரை பெட்டியைத் தேவநாதன் தூக்கிக்கொண்டு போனான். பஸ் கரி போட்டுக்கொண்டிருந்தது. மாசிலாமணி சவரம் செய்திருந்தான். அதைப் பார்த்த தெருப் பெண்கள் பாஞ்சாலியின் கையைப் பிடித்து அழுதார்கள். எல்லாம் அவன் செயல், மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். பாஞ்சாலிக்கு விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. அவளும் கொஞ்சம் அழுதாள். மாங்காய்க் காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"சிரிச்சுக்கோ" என்று மாசிலாமணி ஜன்னல் வழியாகச் சொன்னான்.

"இல்லப்பா" என்றான் தேவநாதன். உண்மையில் அவன் சிரிக்கவில்லை. வீட்டில் ஒன்பதாம் மாசம் பிறந்திருந்தது. அவனுக்கு எதைப் பார்த்தும் சிரிப்பு வராத காலம் அது.

பங்குனியில் ஒரு மத்தியானம் ஆபீசுக்கு ஆள் வந்தது. தேவநாதன் செருப்பைப் போடாமல் ஓடினான். அஞ்சம்மாள் வாசலிலேயே நிறுத்தி, மருத்துவச்சியைக் கூட்டிவாங்க, ஜல்தி என்றாள். மருத்துவச்சி வீடு கீழ்ப்பெரும்பாக்கத்தில். ஜட்கா கிடைக்கவில்லை. ஓடிப் போனான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை கழுவ விட்டான், வெற்றிலை போட விடவில்லை. வெயிலில் அவளை அழைத்துக்கொண்டு, பாதி வழி அவள் பையையும் தூக்கிக்கொண்டு வந்தான். போன தடவை ஓட ஆள் இல்லாமல் அஞ்சம்மாளே ஓடி, திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை அவனிடம் யாரும் விவரமாகச் சொன்னதில்லை. அன்று வழியில் மருத்துவச்சி சொன்னாள்.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவனுக்கு நிற்க இடம் கொல்லையில்தான் இருந்தது. செடிகள் வெயிலில் காய்ந்து பழுப்பாகிக்கொண்டிருந்தன; உள்ளே நிழலில் சில பழங்கள் இன்னும் சிவப்பாக இருந்தன. அவன் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரம்மாளின் குரல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. சாமான் வண்டி ஒன்று ஷண்டிங் ஆகி முடியும் வரை இல்லை.

பிறகு குழந்தை அழுதது.

பெண் என்று அஞ்சம்மாள் கதவைத் திறக்காமலே சொன்னாள். குழந்தை இன்னும் அழுதது. பசியாக இருக்கும், வாயில் சர்க்கரைத் தண்ணீர் வை என்று மருத்துவச்சி சொன்னாள். வைத்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. இருட்டும் வரை அழுதது. பக்கத்து வீடுகளில் இது என்ன ஓயாத அழுகை என்று கேட்டார்கள். அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் அதை நிறுத்தப் பார்க்கவில்லை; கேட்டுக்கொண்டிருந்தார்கள்.